முதுகில் வைத்த கை

ஜனவரி 6

என் வாயாடித் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அந்த மூன்றாவது ஆள் யாரென்று நீ மண்டையை உடைத்துக்கொள்வதற்குள் சொல்லிவிடுகிறேன். உனக்கு மருமகள் பிறந்துவிட்டாள். ஒன்பது வாரம் பொறுக்க முடியாமல் முன்னாலேயே வந்துவிட்டாள். அவசரத்தில் உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

எடை ஒன்றரைக் கிலோ. பட்டறையில் நான் ஒரு கையால் பிரஸ்ஸுக்குள் தள்ளும் தகடுகூட அதைவிடக் கனம். அதனால் இப்போதைக்கு அவள் பெயர் ஒன்றரை. உன் அண்ணிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த வார்டில் எல்லோரும் முகமூடி போட்டிருக்கிறார்கள். எனக்குக் காது போனதிலிருந்து அடுத்தவர் வாயசைவைப் பார்த்துத்தான் பிழைப்பு ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். வாயையே மூடிவிட்டால் நான் என்ன செய்வேன்? எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

நேற்று ஒரு நர்ஸ் சைகையிலேயே என்னைக் கை கழுவச் சொல்லி, அந்தக் கையைப் பிடித்து, பெட்டியின் ஓட்டைக்குள் விட்டு, குழந்தையின் முதுகில் வைத்தாள். என் நாலு விரலுக்கு அடியில் முழு முதுகும் அடங்கிவிட்டது. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மூச்சு. வெளியே வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஒரே ஒரு சந்தேகம். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூக்கு அழுந்தாதா? அது நல்லதா, கெட்டதா? நீதான் பச்சைக் குழந்தைகள் பிரிவிலேயே நர்சாக இருக்கிறாயே, தெளிவாக எழுது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே சாப்பிடாதே.

அண்ணன்


ஜனவரி 12

அண்ணனுக்கும் அண்ணனின் ஒன்றரைக்கும்,

அத்தை வணக்கம் சொல்கிறேன். இடுப்பு என்னுடன்தான் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது, இரண்டும் சௌக்கியம்.

குப்புறப் படுப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறாய். நல்லது. ரொம்ப நல்லது. குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சுக்கூடு இளசு. குப்புறப் போட்டால் நுரையீரல் நன்றாக விரியும், மூச்சுத் திணறல் குறையும். நான் இதை எழுதும்போதே எங்கள் பிரிவில் ஆறு பேர் தவளை மாதிரி கவிழ்ந்து கிடக்கிறார்கள். ஆறு பேரும் ஜோராக இருக்கிறார்கள்.

பத்து வருடமாக இதே வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், யார் என்ன சொன்னாலும் குழம்பாதே. காதில் வாங்காதே என்று எழுத வந்தேன். நீ எப்படியும் வாங்கப் போவதில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். நன்றாகச் சாப்பிடச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 16

எங்கள் வீட்டு டாக்டருக்கு,

ஒன்றரை வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது இரண்டு கிலோ நூறு கிராம். பெயரை மாற்றலாமா என்று கேட்டேன், உன் அண்ணி முறைத்தாள். எனக்கு இருமல் இல்லை, சளி இல்லை, தூக்கமும் இல்லை. உன் சேதி என்ன?

கிளம்பும் நாளில் முகமூடிக்காரர்கள் அரை மணி நேரம் எங்களிடம் என்னவோ சொன்னார்கள். வழக்கம்போல் தலையாட்டினேன். எனக்கென்ன கவலை, என்னிடம்தான் உன் கடிதம் இருக்கிறதே. அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன். 'என் தங்கச்சி எழுதினது. இந்த மாதிரி நூறு குழந்தைங்கள வளத்து அனுப்பிருக்கா' என்கிறேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை படித்துவிட்டு, 'கையெழுத்தே டாக்டர் மாதிரி இல்ல, நல்லா புரியுது' என்றான்.

பட்டறை ஃபோர்மேன் ஒரு பஞ்சுத் தலையணையும், சுற்றி வைக்க நாலு குட்டித் தலையணையும் வாங்கிக் கொடுத்தார். கட்டில் இப்போது ராஜா வீட்டுக் கட்டில்.

எனக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். காலை முழுக்க அவளோடுதான். கட்டிலோரம் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டால் நேரம் போவதே தெரிவதில்லை. பட்டறைக்குப் போகவே மனசு வருவதில்லை.

அண்ணன்


பிப்ரவரி 27

பெருமைக்கார அண்ணனுக்கு,

இங்கே ஆள் பற்றாக்குறை, அதனால் நாலே வரி. நான் நலம். கடிதத்தை ஒட்டியது சரி, ஆனால் ஊருக்கெல்லாம் காட்டாதே, வெட்கமாக இருக்கிறது. (காட்டு.) வாரா வாரம் எடையை மட்டும் எழுதிப் போடு. அண்ணிக்கு லீவு எதுவரை? கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 26

தங்கைக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒன்றரை இப்போது மூன்று கிலோ முந்நூறு. முகத்தில் கன்னம் வந்துவிட்டது.

உன் அண்ணிக்கு லீவு முடிகிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து பஸ்ஸில் ஏறவேண்டும், காலை ஷிஃப்ட். இன்னும் ஒரு மாதம் கேட்டுப் பார்த்தாள், டெப்போவில் 'ஏற்கனவே ரெண்டு கண்டக்டர் கம்மி' என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆறு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை நானும் ஒன்றரையும் மட்டும்தான். பயப்படாதே. அழுதால் எனக்குக் கேட்காது, ஆனால் கை எடுக்க மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம், சிரிப்பாய். நான் குழந்தையைக் குப்புறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், வரும்போது மல்லாக்கக் கிடக்கிறாள். இரண்டு மாதக் குழந்தை தானாகப் புரளுமா? பார்த்தால் உன் அண்ணியின் வேலை. 'ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னாங்க, வீட்டுல மல்லாக்கத்தான் போடணும்னு' என்றாள். மல்லாக்கப் போட்டு வாந்தி எடுத்தால் புரை ஏறாதா? நான் சண்டை போடவில்லை. சுவரைக் காட்டினேன். 'யார் என்ன சொன்னாலும் குழம்பாதே' என்று நீ எழுதியிருக்கும் வரியில் விரலை வைத்தேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள். ஒரு பஸ் நிறைய ஆட்களை அடக்குகிறவளை உன் ஒரு வரி அடக்கிவிட்டது.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

போட்டாயா?

அண்ணி சொன்னதுதான் சரி. நான் எழுதியது பாதி. மீதிப் பாதியை எழுதவே இல்லை.

எங்கள் பிரிவில் குப்புறக் கிடக்கிற ஒவ்வொரு குழந்தையின் உடம்பிலும் ஒயர் ஒட்டியிருக்கிறது. மூச்சு சற்று நின்றாலே மெஷின் கத்தும், நாங்கள் ஓடுவோம். அந்தக் காவல் இருப்பதால்தான் அங்கே குப்புறப் போடுகிறோம். அதுவும் ரொம்பச் சின்னதாக இருக்கும்போது மட்டும்தான். வீட்டுக்குப் போவதற்குப் பல நாள் முன்பே மல்லாக்கப் படுக்கப் பழக்கிவிடுவோம். வீட்டில் மெஷின் இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்றால் குழந்தை அழாது, உதறாது. காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கே தெரியாது, அண்ணா. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

தூங்கும்போது எப்போதும் மல்லாக்க. பகல் குட்டித் தூக்கமானாலும் மல்லாக்க. ஒருக்களித்தும் வேண்டாம். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கவேண்டும். ஃபோர்மேன் கொடுத்த ஐந்து தலையணையையும் இன்றே கட்டிலை விட்டு எடு, அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல். முகத்தை மூடும் துணி எதுவும் கட்டிலில் கூடாது. புரை ஏறும் என்று பயப்படாதே. மல்லாக்கப் படுத்திருந்தாலும் குழந்தை விழுங்கும், துப்பும், அதற்கு அந்த வித்தை தெரியும். குப்புறப் போடத்தான் வேண்டும் என்றால் முழித்திருக்கும்போது போடு, நீ எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு.

சுவரில் இருக்கும் என் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் பட்டறை ஆபீஸுக்குப் போன் செய்தேன். 'குழந்தைய மல்லாக்கப் படுக்க வைக்கணும்னு சொல்லிடுங்க' என்றேன். எடுத்தவர் சிரித்தார். சொன்னாரா இல்லையா தெரியாது. இதைப் படித்ததும் ஒரே ஒரு வரி எழுதிப் போடு.

தங்கை


ஏப்ரல் 7

அண்ணா,

பதில் இல்லை. எட்டு நாளாகிறது. தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கேட்கிறேன், அவர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

உங்கள் வீட்டில் ஒரு போன் இருந்திருந்தால் அண்ணியாவது எடுத்திருப்பாள். நமக்கு எதற்கு, கேட்கவா போகிறது என்று நீ சொன்னபோது நானும் சரி என்றேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். 'முதுகில் கையை வைத்துக்கொண்டால்' என்று அன்றைக்கே எழுதியிருக்கிறாய். குழந்தையின் முதுகு எப்போது மேலே இருக்கும்? ஒரு நர்சுக்கு அது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. என் கடிதத்தை நீ வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறாய் என்ற வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஏன் பாதியை மட்டும் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். மறந்துபோய் இல்லை. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறதே என்ற குஷி. இந்தப் படிப்பை நான் படிப்பதற்காகத்தான் அந்த பிரஸ் பக்கத்தில் நீ இரண்டு ஷிஃப்ட் நின்றாய். உன் காது போனதும் அங்கேதான். அப்படிப் படித்த படிப்பு உன் குழந்தைக்கு இப்படிப் பயன்பட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

பதினோராம் தேதி லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டாலும் வருவேன். அதற்குள் ஒரு வரி எழுது. நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

தங்கை


ஏப்ரல் 8

நாத்தனாருக்கு வணக்கம்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். அதை முதலில் படித்துவிட்டு உட்காருங்கள். மூன்று கிலோ எழுநூறு. உங்கள் அண்ணனும் நலம். நானும்தான்.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். பிப்ரவரியிலேயே ஒன்று எழுதினேன். பாதியில் கிழித்துவிட்டேன். நீங்கள் இதற்கென்றே படித்தவர். நான் டிக்கெட் கிழிக்கிறவள், உங்களுக்குப் பாடம் எடுப்பதா என்று கூச்சம். நர்ஸ் சொன்னதை நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்றுகூட இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். ஆனால் சந்தேகத்தோடேயே திருப்பிப் போட்டேன். அவர் குளிக்கப் போனால் திருப்புவேன், கண்ணயர்ந்தால் திருப்புவேன், பட்டறைக்குக் கிளம்பியதும் திருப்புவேன். தலையணைகளைத் துவைக்கப் போட்டேன், காயவே இல்லை என்று ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றாம் தேதி வேலைக்குப் போனேன். முதல் டிரிப் எப்படியோ ஓடியது. இரண்டாவது டிரிப்பில் ஒருவருக்கு டிக்கெட் கொடுத்து மீதி கொடுக்காமலே நகர்ந்துவிட்டேன், அவர் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கண் முன்னால் கட்டில்தான். எங்கள் தெரு முனை வந்தது. அங்கே ஸ்டாப் கிடையாது. விசில் அடித்துவிட்டேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். 'அஞ்சு நிமிஷம்ணே. வீட்ல கைக்குழந்த' என்று மட்டும் சொன்னேன். உள்ளே நாற்பது பேர். பதிலுக்குக் காத்திராமல் இறங்கி ஓடினேன்.

கதவைத் திறந்தால், குழந்தை குப்புறத்தான் கிடக்கிறாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்திருக்கிறார். என்னை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சையும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் உங்கள் கடிதத்தோடு நான் மல்லுக்கு நின்றேன். விஷயம் கடிதமே இல்லை. மல்லாக்கப் போட்டுவிட்டால் அந்த முதுகு அடியில் போய்விடும், குழந்தை மூச்சு விடுகிறதா என்று அவருக்குத் தெரிய வேறு வழி இருக்காது என்று நினைத்திருக்கிறார். காது கேட்காதவர், ஏழரை மணி நேரம் தனியாக. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

நான் சண்டை போடவில்லை. டிக்கெட் பையைக்கூடக் கழற்றவில்லை. குழந்தையைத் தூக்கி மல்லாக்கப் போட்டேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன், பாரம் தெரியாமல் வயிற்றின் மேல் வைத்தேன். அவர் என் வாயைப் பார்த்தார். 'இங்கயும் தெரியுது பாருங்க' என்றேன்.

உதடு மறுபடி எண்ணியது. 'இங்க இன்னும் நல்லாத் தெரியுது' என்றார்.

'மூஞ்சியும் தெரியுது' என்றேன்.

திரும்பி ஓடி வந்தால் பஸ் அங்கேயே நிற்கிறது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, 'டயர் செக் பண்றோம்' என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் நம்பவில்லை, யாரும் முறைக்கவும் இல்லை. கடைசி சீட்டில் இருந்த ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, மறுநாள் எனக்கு மெமோ. விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குழந்தை தூங்கும் விதத்தைச் சரிபார்க்க இறங்கினேன் என்று. டெப்போ மேனேஜருக்கு அதைப் படித்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. அவர் நின்றுகொண்டே படித்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டறை கிளார்க் உங்கள் போன் சேதியைச் சீட்டில் எழுதி இவர் டைம் கார்டில் செருகியிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் யாரோ கேலி செய்கிறார்கள் என்று கசக்கிப் போட்டாராம். தினமும் பேனாவை எடுக்கிறார், வைக்கிறார். 'அவ எழுதினத நான் ஆயுதமாக்கிட்டேன், என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுதறது' என்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அவரைத் திட்டாதீர்கள். அவ்வளவு கவனமாக ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரை நான் பார்த்ததில்லை. படுக்க வைத்த விதம்தான் தப்பு.

உங்கள் அண்ணி


ஏப்ரல் 16

என் அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே முதல் வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் எங்கள் பிரிவின் தராசு மேடை. தலைமை நர்ஸ் வந்து எழுப்பி விடும்வரை அழுதுகொண்டிருந்தேன்.

நீங்களும் அண்ணனும் ஒன்றரையும் சுகமாக இருக்கவேண்டும். அண்ணன் கடிதத்துக்குள் 'அண்ணியைக் கேட்டதாகச் சொல்' என்று ஆறு வருடம் ஒரு வரியில் உங்களை முடித்திருக்கிறேன். உங்களுக்கென்று ஒரு காகிதம் எடுக்கத் தோன்றவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், அண்ணனுக்கு இன்னும் படித்த பெண்ணாகக் கிடைத்திருக்கலாம் என்று நினைத்தவள் நான். என் படிப்பு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் ஆறு வாரம் அந்தக் குழந்தையைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கினீர்கள். அதுகூடப் பெரிதில்லை. இறங்கிப் போய்ச் சத்தம் போடாமல், அவர் கை ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களே, அது எனக்கு வந்திருக்காது. நான் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

உங்கள் கடிதத்தைத் தலைமை நர்ஸுக்குப் படித்துக் காட்டினேன். இந்த வாரத்திலிருந்து எங்கள் பிரிவில் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு குழந்தையின் தாய் தகப்பனுக்கும், வாயால் சொல்வதோடு பெரிய எழுத்தில் ஒரு தாளும் கொடுக்கிறோம். ஒயர்களை எடுத்தபிறகு குழந்தையை மல்லாக்கப் போட்டு, இருவர் கையையும் வயிற்றில் வைக்கச் சொல்கிறோம். ஒரு தகப்பன் நேற்றுப் பத்து நிமிடம் கையை எடுக்கவில்லை. இதை நான் கண்டுபிடித்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, 'எங்க அண்ணி சொன்னது' என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

பதினோராம் தேதி லீவு கிடைக்கவில்லை. உங்கள் கடிதம் பத்தாம் தேதியே வந்து சேர்ந்ததால் வேலையை விடாமல் தப்பித்தேன். அடுத்த மாதம் வருகிறேன். இனி என்னை 'நீங்கள்' என்று மரியாதை போட்டு எழுதினால் பதில் போட மாட்டேன். அண்ணனைத் திட்டவில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 28

வாயாடிக்கு,

உன் இடுப்பு எப்படி? மே மாதம் வந்து போனதில் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அது இன்னும் கெட்டிருக்கும். இங்கே எல்லோரும் நலம். ஒன்றரை இப்போது ஐந்தரை. உன் அண்ணியின் மெமோவை 'எச்சரிக்கையுடன்' முடித்துவிட்டார்கள்.

வந்தபோது நீயும் அவளும் வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்தீர்கள், எந்த வாயைப் பார்ப்பதென்று தெரியாமல் நான் விட்டுவிட்டேன். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்துத்தான் குப்புறப் போட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. முதல் நாள் அந்த நர்ஸ் என் கையை வைத்தபோதே முடிவு செய்துவிட்டேன். நீ வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை ஒட்டியிருக்க மாட்டேன், பெட்டியில் போட்டிருப்பேன். ஆகவே நீ ராத்தூக்கம் கெட வேண்டாம். பயந்தவன் நான். அதைப் புரிந்துகொள்ள உன் அண்ணிக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. நான் யாருக்கு வாய்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் இதைச் சொன்னேன். 'சரி சரி, பால் பாட்டிலக் கழுவுங்க' என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவள் சமையலறையில், கதவு திறந்திருந்தது. ஒன்றரை மல்லாக்கப் படுத்திருந்தாள், அப்போதுதான் விழித்திருப்பாள் போல. நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளங்கையில் ஒரு குலுக்கல். அப்புறம் இன்னொன்று, படபடவென்று. மூச்சு அப்படி வராது. எனக்கு உயிரே போய்விட்டது. பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு முகத்தைப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள். பொக்கை வாயை முழுசாகத் திறந்து, என்னைப் பார்த்து.

உன் அண்ணியைக் கத்திக் கூப்பிட்டேன். கரண்டியோடு ஓடி வந்தாள். 'சிரிக்கிறா' என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பி, வாயசைவு தெளிவாகத் தெரியும்படி, 'எனக்குக் கேக்கவே இல்லையே' என்றாள். சத்தமே வரவில்லையாம், வயிறு மட்டும்தான் சிரித்ததாம்.

எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

அண்ணன்